எல்லா டெஸ்டும் எனக்கே எடுத்தாயிற்று, அவர் எப்போது போவார்?

படுவான்கரைப் பெண் (ஞாயிறு, இரவு 9.20)

வணக்கம். பல மாதமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 30. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம். கல்யாணமாகி நாலு வருஷம். முடித்து இரண்டு மாதத்தில் இவர் கட்டாருக்குப் போய்விட்டார். நடுவில் ஒரு தடவை 40 நாள் லீவில் வந்தார். போன வருஷம் சித்திரைக்கு ஒரேயடியாக வந்துவிட்டார். இப்போது 14 மாதம் ஒன்றாக இருக்கிறோம். ஆனால் ஊருக்கு அது நாலு வருஷம்தான். இந்த வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போனேன், மூன்று பேர் கேட்டார்கள். ஒரு மாமி தொட்டில் நேர்ந்து கட்டச் சொன்னா, கட்டினேன். முழு மனதோடுதான் கட்டினேன்.

தைரொயிட், புரலக்டின், ஏ.எம்.எச், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியாகக் கருக்குழாய்க்குள் சாயம் விட்டு எடுக்கிற எக்ஸ்ரேயும் எடுத்தேன். அன்று வலியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். எல்லாமே நோர்மல். இவருக்கு இன்னும் ஒரு டெஸ்டும் எடுக்கவில்லை. கேட்டால் "எனக்கென்ன குறை, நான் நல்லாத்தானே இருக்கிறன்" என்கிறார். கெட்ட மனிதர் இல்லை. பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். அவரிடம் எப்படிச் சொல்வது? இனி நான் வேறு ஏதாவது டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

தேத்தாத்தீவு அக்கா (ஞாயிறு, இரவு 10.05)

தங்கச்சி, 30 வருஷம் குடும்பநல மருத்துவமாதுவாக வேலை செய்து ஓய்வெடுத்தவள் நான். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும் நான் ஏறி இறங்காத வீடு குறைவு. இந்தக் கதையை எத்தனை குசினியில் இருந்து கேட்டிருப்பேன்!

முதலில் கணக்கைத் திருத்துவோம். பிள்ளைப்பேறு தாமதம் என்று மருத்துவம் சொல்வது, கணவனும் மனைவியும் சேர்ந்திருந்து, தடுப்பு ஒன்றும் பாவிக்காமல், ஒழுங்காக உறவு வைத்தும் 12 மாதம் கருத்தங்காவிட்டால்தான். வெளிநாட்டில் இருந்த வருஷங்கள் இந்தக் கணக்கில் வராது. உங்கள் கணக்கு 14 மாதம். ஊர் சொல்கிற நாலு வருஷத்தை மனதில் இருந்து எடுத்துவிடுங்கள். 100 தம்பதிகளில் 84 பேருக்கு முதல் வருஷத்துக்குள் தங்கும், இரண்டாம் வருஷம் முடியும்போது 92 பேர். பெண்ணுக்கு 35 தாண்டினால் 6 மாதத்திலேயே போக வேண்டும். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களும், வயிற்றில் ஒப்பரேஷன் செய்தவர்களும், விதையில் அடிபட்ட அல்லது பெரிய வயதில் கூகைக்கட்டு (கன்னம் வீங்குகிற காய்ச்சல்) வந்து விதை வீங்கிய ஆண்களும் ஒரு நாளும் காத்திருக்கத் தேவையில்லை.

ஆக உங்களுக்கு டெஸ்ட் எடுக்கிற நேரம் வந்துவிட்டது, அது சரி. எடுத்த ஒழுங்குதான் பிழை. சாயம் விடுகிற எக்ஸ்ரேக்கு முன்னாலேயே அவருடைய விந்துப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். இங்கே எஸ்.எஃப்.ஏ என்று எழுதித் தருவார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, ஒரு சின்னப் போத்தல். பிள்ளை தாமதமாகிற தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேரில் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. ஐந்தில் ஒரு தம்பதியில் காரணம் ஆண் பக்கத்தில் மட்டும்தான். அப்படியிருக்க, ஒரு பக்கத்தை மட்டும் தோண்டிக்கொண்டிருப்பது உங்களுக்குச் செய்கிற அநியாயம்.

அவர் "நல்லாத்தானே இருக்கிறன்" என்று சொல்வது பொய் இல்லை. ஆனால் ஆண்மை வேறு, விந்தணு வேறு. வெளிவருகிற விந்தில் விந்தணுவின் பங்கு நூற்றுக்கு ஐந்தளவுதான். மிச்சம் விந்துப்பையும் புரொஸ்டேட்டும் சுரக்கிற திரவம். அணு ஒன்றுகூட இல்லாத விந்தும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். நுணுக்குக்காட்டியில் வைத்தால்தான் தெரியும்.

இன்னொன்று, ஏ.எம்.எச் நன்றாக இருக்கிறது என்றால் சூலகத்தில் முட்டைக் கையிருப்பு இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். தானாகக் கருத்தங்குமா தங்காதா என்று அது சொல்லாது. அந்த எண்ணைப் பார்த்து அழுகிற பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன், அதை நம்பி வருஷக்கணக்காகச் சும்மா இருந்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

கல்முனைப் போறணை (திங்கள், காலை 6.10)

தங்கச்சி, உங்கள் மாப்பிள்ளை நிற்கிற இடத்தில் நாலு வருஷம் நின்றவன் நான். அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

எனக்கு அப்போது 34. பேக்கரி வேலை, 12 வருஷம் பாண் சுடுகிற போறணைக்கு முன்னால். என் மனைவி மாதாமாதம் குளிசை குடித்தாள், ஸ்கேனுக்குப் போனாள், வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்கிற லப்ரொஸ்கொபி வரைக்கும் போய் வயிற்றில் மூன்று தையலோடு வந்தாள். எங்கள் உம்மா அவளை வைத்துக்கொண்டே இரண்டாம் கல்யாணக் கதை கதைத்தா. நான் வாய் திறக்கவில்லை. என்னிடம் ஒருவரும் போத்தலை நீட்டாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது.

கடைசியில் அவள் ஒன்றுதான் கேட்டாள். "குறை எனக்கென்றால் நீங்க என்னைய விட்டுட்டுப் போவீங்களா?" இல்லை என்றேன். "அப்ப உங்களுக்கென்றால் மட்டும் நான் போயிருவன் என்று ஏன் பயப்படுறீங்க?" அடுத்த நாள் போனேன்.

ரிப்போட்டில் ஒரு மில்லிலீற்றருக்கு 50 லட்சம் அணு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கைநூலில் கீழ் எல்லை 1 கோடி 60 லட்சம். முன்னோக்கி நீந்துகிறவை 12 வீதம், இருக்க வேண்டியது 30. வடிவம் சரியானவை 2 வீதம், அதற்கு எல்லையே 4 வீதம்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தத் தனியார் லாப்பில் ரிப்போட்டை நீட்டினவர் "உங்களுக்குப் பிள்ளை கஷ்டம்" என்று கவுண்டரில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஐந்து மாதம் வெட்கத்தில் ஒருவரிடமும் போகவில்லை, போத்தல் போத்தலாக டொனிக் குடித்தேன். அந்த ஐந்து மாதமும் வீண்.

மறுகா ஒரு நல்ல டொக்டர் ஐந்து நிமிஷம் கையால் பார்த்துச் சொன்னார், இடது விதைக்கு மேலே நரம்புகள் சுருண்டு வீங்கியிருக்கின்றன, வெரிக்கோசீல் என்று. விதை உடம்புக்கு வெளியே தொங்குவதே அதற்கு இரண்டு மூன்று பாகை குறைந்த சூடு தேவை என்பதால்தான். நரம்பில் இரத்தம் தேங்கினால் அங்கே சூடு ஏறும். எனக்கு அதற்கு மேல் போறணைச் சூடும் சிகரெட்டும். 100 ஆண்களில் 15 பேருக்கு இந்த வீக்கம் இருக்குமாம், பிள்ளை தாமதமென்று வருகிற ஆண்களில் 40 பேரளவு. இருக்கிற எல்லோருக்கும் குறை வருவதுமில்லை, ஒப்பரேஷன் எல்லோருக்கும் கை கொடுப்பதுமில்லை. எனக்கு ஆறு மாதத்தில் 1 கோடி 30 லட்சத்துக்கு வந்தது. போறணையை விட்டு விநியோக வேலைக்கு மாறினேன், சிகரெட்டை விட்டேன். மறுகா விந்தைக் கழுவித் தேர்ந்தெடுத்துக் கருப்பைக்குள் விடுகிற ஐ.யூ.ஐ, இரண்டாம் தடவை சரிவந்தது. அல்ஹம்துலில்லாஹ், மகளுக்கு இரண்டு வயது.

மாப்பிள்ளை, போங்க. பயம் ரிப்போட் வரும் வரைக்கும்தான். அதுக்குப் பிறகு செய்ய வேலை இருக்கும்.

படுவான்கரைப் பெண் (திங்கள், காலை 8.30)

காக்கா (அண்ணா), நன்றி. இதை நான் இரண்டு தடவை வாசித்தேன். உங்கள் மனைவி கேட்ட கேள்வி எனக்கு வராமல் போயிற்றே.

ஆரையம்பதி மருமகள் (திங்கள், பகல் 1.15)

எல்லோருக்கும் ஆண் பக்கம்தான் என்று நினைத்துவிடவும் கூடாது. எனக்கு பி.சி.ஓ.எஸ் (பொலிசிஸ்டிக் ஓவரி, சூலகத்தில் முட்டை ஒழுங்காக முதிராத நிலை). மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான். வராவிட்டால் நல்லதுதானே என்று பள்ளிக்காலம் முழுக்க சந்தோஷமாக இருந்தேன், ஒருவரும் சொல்லித்தரவில்லை. மாதவிடாய் வராத மாதம் முட்டையும் வெளிவராத மாதமாக இருக்கலாம் என்று 27 வயதில்தான் தெரிந்தது.

பெயரில் சிஸ்ட் இருந்தாலும் அவை கட்டி இல்லை. பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பைகள். ஸ்கேனில் அவை நிறைய இருப்பது, மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஓமோன் கூடின அடையாளங்கள் (முகத்தில் முடி, பரு), இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் பி.சி.ஓ.எஸ் என்பார்கள். ஸ்கேன் ரிப்போட்டை மட்டும் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். 100 பெண்களில் எட்டில் இருந்து பதின்மூன்று பேருக்கு இருக்கிறது. நம் தெருவிலேயே எத்தனை பேர் என்று பாருங்கள்.

நான் அப்போது 82 கிலோ. வி.ஓ.ஜி. (மகப்பேற்று, பெண்ணோயியல் நிபுணர்) சொன்னார், நூற்றுக்கு 5 முதல் 10 வீதம் குறைத்தாலே முட்டை வர வாய்ப்புக் கூடும் என்று. ஒல்லியாக வேண்டும் என்று சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தைரியம் தந்தது. இரவுப் புட்டை அரைவாசி ஆக்கினேன். தயிரும் பனங்கட்டியும் கிழமைக்கு ஒரு நாள். கல்லடிப் பாலத்தில் விடியக் காலை நடை. எட்டு மாதத்தில் 6 கிலோ. மாதவிடாய் தானாக வரத் தொடங்கியது. பிறகு லெட்ரசோல், மூன்றாம் மாதம் தங்கியது. அது மார்புப் புற்றுநோய்க்கு வந்த மருந்து. பாமசியில் கவரில் வாசித்துவிட்டு அழுதுகொண்டு டொக்டருக்கு கோல் எடுத்தேன். இப்போது பி.சி.ஓ.எஸ் பெண்களுக்கு முட்டை வரவைக்க முதலில் கொடுப்பதே அதுதானாம். வேறு யாராவது அப்படிப் பயந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

செங்கலடி (திங்கள், பகல் 2.40)

மாதவிடாய் வலியில் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. "கல்யாணம் முடிஞ்சா சரியாகும்" என்று எனக்கு 11 வருஷம் சொன்னார்கள். எண்டோமெற்றியோசிஸ். கருப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே சூலகத்திலும் குழாயிலும் வளர்ந்து ஒட்டிப் பிடிப்பது. பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கிறது. எனக்குக் கண்டுபிடிக்கும்போது வலது பக்கம் முழுக்க ஒட்டியிருந்தது. வாந்தி வருகிற அளவுக்கு வலி என்றால் அது சாதாரணம் இல்லை. கூட்டிக்கொண்டு போங்கள்.

சம்மாந்துறை வயல் (திங்கள், மாலை 5.50)

இரண்டு கேள்வி. எனக்கும் மனைவிக்கும் ஒரே இரத்த வகை, ஓ பொசிட்டிவ். அதனால் பிள்ளை கிடைக்காது என்கிறார்கள். அவள் என் மாமி மகள், சொந்தத்தில் முடித்ததும் காரணமாம். அடுத்தது, நான் வயலுக்குக் களைநாசினி, பூச்சிநாசினி அடிக்கிறவன். அது விந்தணுவைப் பாதிக்குமா?

தேத்தாத்தீவு அக்கா (திங்கள், இரவு 7.30)

தம்பி, ஒரே இரத்த வகை என்பதால் கருத்தங்காமல் போவதில்லை. அந்தக் கதையை இன்றோடு விட்டுவிடுங்கள். மச்சான் மச்சாள் முடித்ததும் கருத்தங்குவதற்குத் தடை இல்லை. சொந்தத்தில் முடித்தால் சில பரம்பரை நோய்கள் பிள்ளைக்கு வரும் வாய்ப்புக் கூடும், அது வேறு விஷயம். தலசீமியாவுக்கு இரண்டு பேரும் இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தடிப்பது பற்றிக் கேட்டது நல்லது. 1977இல் அமெரிக்காவில் கலிபோர்னியாத் தொழிற்சாலை ஒன்றில் டி.பி.சி.பி. என்ற புழுநாசினி செய்த ஆண்கள் தங்களுக்குப் பிள்ளை இல்லாததைப் பேசிக் கண்டுபிடித்தார்கள். பலருக்கு விந்தணு குறைந்திருந்தது, சிலருக்கு ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த மருந்து தடைப்பட்டது. ஆகவே சாரத்தோடு, வெறுங்காலோடு, காற்றுக்கு எதிராக நின்று அடிப்பதை நிறுத்துங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம். அடித்து முடிந்ததும் அந்த உடுப்போடு வீட்டுக்குள் வராமல் குளித்துவிட்டு வாருங்கள். நீங்களும் ஒரு எஸ்.எஃப்.ஏ எடுங்கள்.

வாவிக்கரைத் தம்பி (திங்கள், இரவு 10.20)

யாரும் கோபிக்க வேண்டாம். 26 வயது, அடுத்த தைக்குக் கல்யாணம். ஜிம்மில் சொன்னார்கள் என்று ஒரு வருஷமாக டெஸ்டொஸ்டிரோன் ஊசி போடுகிறேன். ஆண் ஓமோன்தானே, விந்தணுவும் கூடும் என்று நினைத்தேன். சரிதானே?

தேத்தாத்தீவு அக்கா (திங்கள், இரவு 10.45)

இல்லை மகன், நேரெதிர். வெளியில் இருந்து ஓமோன் போனால் மூளை "போதும்" என்று நினைத்து விதைக்கு அனுப்புகிற கட்டளையை நிறுத்திவிடும். விதை வேலையை நிறுத்தும், சுருங்கும், எண்ணிக்கை பூச்சியத்துக்கும் போகலாம். பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தினால் திரும்பி வரும். ஆனால் மாதங்கள் எடுக்கும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல். நாளைக்கே டொக்டரைப் பாருங்கள், எதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். கேட்டதற்கு நன்றி, ராசா. கேட்காமல் இருக்கிறவர்கள் எத்தனை பேரோ.

கல்முனைப் போறணை (செவ்வாய், காலை 6.25)

தம்பி, பூச்சியம் என்று ரிப்போட் வந்தாலும் உயிர் போனதாக நினைக்காதே. என்னோடு கிளினிக்கில் இருந்த ஒருவருக்குப் பூச்சியம்தான். விதை வேலை செய்கிறது, வெளிவருகிற வழியில்தான் அடைப்பு என்று கண்டார்கள். விதைக்குள் இருந்து ஊசியால் அணுவை எடுத்து, ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு அணுவைச் செலுத்துகிற இக்சி செய்தார்கள். 1992இல் தொடங்கிய முறை. அவருக்குப் பிள்ளை இருக்கிறது. விதையே உற்பத்தி செய்யாத வகையும் உண்டு, அது இதைவிடக் கடினம். இரண்டில் எது என்று தெரிய ஓமோன் டெஸ்டும் ஸ்கேனும் எடுக்க வேண்டும்.

பெயர் வேண்டாம் (செவ்வாய், பகல் 11.00)

எல்லோரும் டெஸ்ட் பற்றி எழுதுகிறீர்கள். எங்களுக்கு ஒன்றரை வருஷமாக உறவே சரியாக நடக்கவில்லை. முயற்சி செய்தால் எனக்கு உடம்பு இறுகிவிடுகிறது, தாங்க முடியாத வலி. வீட்டில் "இன்னும் ஒன்றும் இல்லையா" என்று கேட்கும்போது என்ன சொல்வது?

தேத்தாத்தீவு அக்கா (செவ்வாய், பகல் 11.40)

மகள், நீங்கள் தனியாக இல்லை. என் வேலைக்காலத்தில் புதுத் தம்பதிகளைப் பதிய வீடு வீடாகப் போவேன். அம்மா தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போன நேரம் பார்த்து என் காதில் இதைச் சொன்ன பிள்ளைகள் நிறைய. இதற்கு வெஜினிஸ்மஸ் என்று பெயர். தசை தானாக இறுகுவது. உங்கள் குற்றமும் இல்லை, உங்கள் மனம் அவரை வெறுக்கிறது என்ற அர்த்தமும் இல்லை. மெல்ல மெல்லத் தசையைத் தளர்த்தப் பழக்குகிற பயிற்சி உண்டு, ஆலோசனை உண்டு, பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிறது. வலியைத் தாங்கிக்கொண்டு செய்யாதீர்கள், அது இறுக்கத்தைக் கூட்டும். உங்கள் பகுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ் மருத்துவமாது மிஸ்ஸியிடமோ பெண் டொக்டரிடமோ இதே வசனத்தைச் சொன்னால் போதும். வீட்டாருக்கு நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

நாவற்குடா (செவ்வாய், இரவு 9.15)

எனக்கு 46. இங்கே பிள்ளை கிடைத்த கதைகளைப் படித்துச் சந்தோஷப்படுகிறேன். கிடைக்காதவர்களும் வாசிப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய்ப் போய் மூன்று தடவை ஐ.வி.எஃப் செய்தோம், முட்டையையும் அணுவையும் உடம்புக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கிக் கருப்பைக்குள் வைக்கிற முறை. உலகத்தின் முதல் ஐ.வி.எஃப் பிள்ளை 1978 ஜூலை 25இல் பிறந்தது என்று அந்தக் கிளினிக் சுவரில் படம் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்கு அப்போது 39, 40, 41. முட்டையின் வயதை ஐ.வி.எஃப் குறைக்காது என்பதை யாராவது முதல் நாளே நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருந்தால், சீதனக் காணியின் பாதியை விற்றிருக்க மாட்டோம். செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தடவைக்கு எத்தனை வீத வாய்ப்பு, என் வயதுக்கு எத்தனை என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தராத இடத்தில் காசு கட்டாதீர்கள்.

என்னை அதிகம் வருத்தியது ஊசி இல்லை. அக்கா மகளின் சாமத்தியச் சடங்கில் ஆலாத்தித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளை இல்லாதவள் என்று திரும்பவும் வாங்கினார்கள். வாங்கினவ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, முறை என்று நினைத்தா. நான் சிரித்துக்கொண்டே பின்னால் போய் நின்றேன். இதை வாசிக்கிற யாருடைய வீட்டிலாவது அப்படி ஒரு தட்டு இருந்தால், அடுத்த சடங்கில் அதை அப்படி ஒரு பெண்ணின் கையில் கொடுங்கள், திரும்ப வாங்காதீர்கள்.

பிறகு நாங்கள் ஒரு மகனைத் தத்தெடுத்தோம். கைமாற்றிப் பிள்ளை வாங்கித் தருகிறோம் என்று ஆட்கள் வருவார்கள், போகவே வேண்டாம். 1941ஆம் ஆண்டின் பிள்ளை மகவேற்புச் சட்டப்படி நீதிமன்றக் கட்டளை வேண்டும். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் விண்ணப்பித்து, அவர்கள் வீடு வந்து பார்த்து, காத்திருந்துதான் கிடைத்தான். எடுக்கிறவருக்கு 25 வயதுக்குக் குறையக் கூடாது, பிள்ளையை விட 21 வயதாவது மூத்திருக்க வேண்டும். எங்களுக்கு அந்தக் கணக்கில் குறை இருக்கவில்லை.

ஆரையம்பதி மருமகள் (செவ்வாய், இரவு 9.50)

அக்கா, ஐப்பசியில் என் தங்கச்சி மகளின் சடங்கு. நீங்கள் வருவீர்களா? முன் தட்டு உங்களுக்கு.

நாவற்குடா (செவ்வாய், இரவு 10.02)

வருகிறேன் மகள். மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

படுவான்கரைப் பெண் (புதன், இரவு 8.40)

அவருக்கு நேற்று இரவு போனில் இந்த இழையைக் கொடுத்துவிட்டு நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அரை மணித்தியாலம் கழித்து வந்து "அந்தப் பேக்கரிக்காரர் எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். போன மாசியில் அவருக்கு டெங்கு வந்து ஒரு கிழமை வாட்டில் இருந்தார், அதையும் சொல்ல வேண்டுமா? அவருக்கு வீட்டில் எடுத்துக்கொண்டு போகத்தான் விருப்பம், ஆஸ்பத்திரி அறையில் கூச்சம் என்கிறார். இங்கிருந்து மட்டக்களப்புக்குக் கொண்டுபோக முடியுமா?

தேத்தாத்தீவு அக்கா (புதன், இரவு 9.00)

கட்டாயம் சொல்லுங்கள். ஒரு விந்தணு உருவாக 74 நாளளவு எடுக்கும், பிறகு வெளிவரவும் சில நாள். கடுங்காய்ச்சல் வந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ரிப்போட் குறைத்துக் காட்டலாம். மாசி போய் இப்போது நாலு மாதம், ஆகவே பரவாயில்லை. ஆனாலும் எழுதிக் கொடுங்கள். முதல் ரிப்போட் குறைந்திருந்தால் அதை வைத்து முடிவெடுக்காமல் திரும்ப ஒரு தடவை எடுக்க வேண்டும்.

இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேற்படாமல் உறவு இல்லாமல் இருக்க வேண்டும். லாப் கொடுக்கிற போத்தலிலேயே எடுக்க வேண்டும். ஆணுறை, சவர்க்காரம், எண்ணெய் ஒன்றும் கூடாது. முதலில் வருகிற துளியில்தான் அணு அதிகம், அது வெளியே சிந்தினால் சிந்தியது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் லாப்பில் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள், சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். முந்தி என்றால் வாவியைக் கடக்க ஓடத்துக்குக் காத்திருந்தே அந்த ஒரு மணித்தியாலம் போயிருக்கும். இப்போது மண்முனைப் பாலம் இருக்கிறது. லாப் எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று முதல் நாளே போய்க் கேட்டு வையுங்கள்.

படுவான்கரைப் பெண் (புதன், இரவு 9.25)

சரி அக்கா. சனிக்கிழமை விடியப் போகிறோம். மோட்டார் சைக்கிளை நான் ஓட்டுகிறேன், அவர் பின்னால் இருந்து போத்தலைப் பிடித்துக்கொண்டு வருவாராம்.